வடக்கு வாசலைத் திறக்கச் சொல்லுங்கள்

பெறுநர்:
பிரியா விகார் கோயிலுக்கான பன்னாட்டு ஒருங்கிணைப்புக் குழுவில் இணைத்தலைமை வகிக்கும் இந்திய அரசின் பிரதிநிதிகளுக்கும், இந்தியத் தொல்லியல் துறை அதிகாரிகளுக்கும்.

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

2024 ஜனவரியில் நாங்கள் ஐந்து நண்பர்கள் தாய்லாந்து, கம்போடியா எல்லையோரமாக ஒன்பது நாள் காரில் சுற்றினோம். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். இருபது வருடமாகப் பேசிப் பேசித் தள்ளிப்போட்ட பயணம் அது. டாங்ரெக் மலைத்தொடரில் இருக்கும், பழைய கம்போடியாவின் கெமர் அரசர்கள் காலத்துச் சிவன் கோயில்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் திட்டம். அப்போது அங்கே துப்பாக்கிச் சத்தம் இல்லை. பதினெட்டு மாதம் கழித்து, 2025 ஜூலை 24 அன்று, நாங்கள் நின்ற தா முவன் தோம் கோயில் பக்கத்தில் சண்டை தொடங்கியது என்று செய்தியில் பார்த்தபோது, ஐந்து பேரும் தனித்தனி ஊர்களில் இருந்தபடி ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து மனதில் ஓடும் கடிதம் இது.

ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்து எல்லையை ஒட்டிய கம்போடிய மலைநுனியில் நிற்கும் சிவன் கோயிலான பிரியா விகார் 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பாதுகாப்புப் பணிகளை ஒருங்கிணைக்க 2014-இல் அமைந்த குழுவுக்கு இந்தியாவும் சீனாவும் இணைத்தலைவர்கள். நம் தொல்லியல் துறை அங்கே பணி செய்திருக்கிறது. சண்டை போட்ட இரண்டு நாடுகளோடும் நமக்கு நல்ல உறவு. இந்த மூன்றும் ஒருசேர அமைந்த நாடு இந்தியா. அதனால் உங்கள் வார்த்தைக்கு அங்கே எடை இருக்கிறது.

இனி நாங்கள் பார்த்ததைச் சொல்கிறேன்.

பாங்காக்கில் வாடகைக்குக் கார் எடுத்து, புரிராம் மாகாணத்தில் பனோம் ருங் கோயிலைப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் காலை சுரின் மாகாணத்தின் தா முவன் தோம் கோயிலுக்குப் போனோம். கடைசிச் சில கிலோமீட்டருக்குச் சாலையோரம் காடுதான். சோதனைச்சாவடியில் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். அங்கங்கே மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள்: கண்ணிவெடி இருக்கும், பாதையை விட்டு இறங்காதே என்று அர்த்தம்.

அந்தக் கோயிலின் கருவறையில் செய்து வைத்த லிங்கம் இல்லை. மலைப்பாறையே தரையிலிருந்து மேலெழுந்து லிங்கமாக நிற்கிறது. நம் ஊரில் சுயம்பு என்போமே, அதேதான். பாறையைச் சுற்றிக் கருவறையைக் கட்டியிருக்கிறார்கள். அபிஷேக நீர் வெளியே போகத் தரையில் கல்லிலேயே வாய்க்கால் வெட்டி, சுவரைத் தாண்டிக் கொண்டு போயிருக்கிறார்கள். நான் உட்கார்ந்து அந்த வாய்க்காலில் விரலை வைத்துப் பார்த்தேன். ஆயிரம் வருடம் தண்ணீர் ஓடிய கல் எப்படி இருக்குமோ அப்படி வழவழவென்று இருந்தது. காய்ந்த இலைகள் கிடந்தன.

லிங்கத்துக்கு முன்னால் மணல் நிரப்பிய ஒரு கிண்ணம். தாய்லாந்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அதில் ஊதுபத்தி செருகிவிட்டுக் கும்பிட்டது. அவர்கள் நகர்ந்ததும், தெற்கு வாசல் வழியாகக் கம்போடியப் பக்கத்திலிருந்து ஏறி வந்த ஒரு பாட்டியும் பேத்தியும் அதே கிண்ணத்தில், அதே மணலில் ஊதுபத்தி செருகினார்கள். இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் பிரகாரத்தில் ஆளுக்கொரு நிழலில் நின்றிருந்தார்கள். ஒருவருக்கொருவர் சிகரெட்கூடக் கொடுத்துக்கொண்டார்கள். எங்களில் ஒருவன் சிதம்பரத்து விபூதிப் பொட்டலம் கொண்டு வந்திருந்தான். அதைக் கொஞ்சம் பாறையின் அடியில் இட்டபோது அந்தப் பாட்டி கையை நீட்டினார். அவர் உள்ளங்கையிலும் கொஞ்சம் வைத்தான். என்ன ஏது என்று கேட்காமல் நெற்றியில் பூசிக்கொண்டார்.

சண்டை இந்தக் கோயிலைத்தான் முதலில் தொட்டது. 2025 பிப்ரவரியில் கம்போடியாவிலிருந்து வந்தவர்கள் கோயிலில் தேசிய கீதம் பாட, தாய்லாந்துச் சிப்பாய்கள் தடுக்க, அங்கேயே வாக்குவாதம் ஆனது. மே 28 அன்று எல்லையில் வேறோர் இடத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு கம்போடியச் சிப்பாய் இறந்தார். ஜூலையில் ஐந்து நாள் சண்டை. பீரங்கி, ராக்கெட், போர் விமானம் எல்லாம் வந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். சிசாகேட் மாகாணத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடையில் ராக்கெட் விழுந்து குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அந்த மாகாணத்தில் நாங்களும் ஒரு பங்க்கில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் பாட்டில் வாங்கினோம். கல்லாவில் இருந்த பெண் எங்களுக்கு மலைக்குப் போகும் வழியைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தார். அது எந்தப் பங்க் என்று இன்றுவரை நான் தேடிப் பார்க்கவில்லை, மனம் வரவில்லை.

அவர் வரைந்த வழியில் போய்ச் சேர்ந்தது பா மோ இ டேங் என்ற பாறை முனை. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்துக்கு அப்பால், மலையின் கடைசி நுனியில், மரங்களுக்கு மேலே பிரியா விகாரின் கற்கள் தெரிகின்றன. காசு போட்டுத் தொலைநோக்கியில் பார்த்தோம். ஒரு கொடி, சில தகரக் கூரைகள், கறுத்த கல் சுவர். கண்ணுக்கு எட்டும் தூரம். அரைமணி நேரம் நடந்தால் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் அந்த வழி 2008-லிருந்தே தகராறில் சிக்கி மூடிக் கிடக்கிறது.

அங்கே போக நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? காரைத் திருப்பி மேற்கே அரண்யபிரதேத் வரை ஓட்டினோம். கம்போடியாவுக்கு நாங்கள் வாங்கியிருந்த இ-விசாவை அங்கே ஏற்றுக்கொண்டார்கள். போகிற வழியில் ஸ்டோக் கோக் தோம் கோயில். தேவராஜ வழிபாட்டின் கதையைச் சொல்லும் 1053-ஆம் ஆண்டு சம்ஸ்கிருத, கெமர் கல்வெட்டு கிடைத்த இடம். அதன் சுற்றுப்புறத்திலும் கண்ணிவெடிகளை அகற்றிய பிறகுதான் ஆட்கள் பயமில்லாமல் நடக்க முடிந்தது. வாடகைக் காரை அங்கே ஒப்படைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்து எல்லையைத் தாண்டி, பாய்பெட்டில் வேன் பிடித்து, சியம் ரீப்பில் படுத்து எழுந்து, கோ கேரின் ஏழடுக்குப் பிரமிடைப் பார்த்து, சிரா எம் என்ற சின்ன ஊரில் இறங்கியபோது எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகியிருந்தது. முழுதாக இரண்டு நாள். பார்த்த இடத்துக்கும் போன இடத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு பள்ளமும் ஒரு முள்வேலியும்தான்.

மலை ஏற வெளி வண்டியை விடவில்லை. பிக்கப் வண்டியின் பின்னால் நின்றபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். கம்போடியப் பக்கம் மலை செங்குத்துச் சுவர். தாய்லாந்துப் பக்கமோ மெல்லச் சரிந்து சமவெளியில் கலக்கிறது. இந்த எல்லை வழக்கின் வேர் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. 1904-இல் பிரான்சும் சயாமும் செய்த ஒப்பந்தம், மழைநீர் பிரியும் முகடுதான் எல்லை என்றது. அந்தக் கணக்கில் கோயில் சயாமுக்கு வரும் என்பது தாய்லாந்தின் வாதம். 1907-இல் பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த வரைபடத்தில் கோயில் கம்போடியாவுக்குள் வந்தது. சயாம் பல ஆண்டு மறுப்பு எதுவும் சொல்லவில்லை. 1962 ஜூன் 15 அன்று சர்வதேச நீதிமன்றம் ஒன்பதுக்கு மூன்று என்ற கணக்கில் கோயில் கம்போடியாவுக்கே என்று தீர்ப்பளித்தது. 2013 நவம்பரில் அதே நீதிமன்றம், கோயில் நிற்கும் மலைமுனை முழுவதுமே கம்போடியாவுடையது என்று விளக்கம் சொன்னது. சட்டப்படி பிரியா விகாரைப் பொறுத்தவரை முடிந்த வழக்கு. மற்ற கோயில்களுக்கு அப்படி ஒரு தீர்ப்பும் இல்லை.

கோயிலின் அமைப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றை மட்டும் சொல்கிறேன், என் வேண்டுகோள் அதில்தான் நிற்கிறது. அந்தக் கோயிலின் முகம் வடக்கு. 800 மீட்டர் நீளத்துக்கு, ஐந்து கோபுர வாசல்களைத் தாண்டித் தாண்டி, வடக்கிலிருந்து தெற்காக ஏறிப் போகும்படி கட்டியிருக்கிறார்கள். அடிவாரத்தில் 162 கல்படிகள். பிறகு படமெடுத்த நாகங்களைக் கைப்பிடியாக வைத்த பாதை. ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் தரை உயர்கிறது, வானம் பெரிதாகிறது. கடைசியில் கருவறைக்குப் பின்னால் மலை சட்டென்று முடிந்து, ஐந்நூறு மீட்டருக்கும் கீழே கம்போடியச் சமவெளி விரிகிறது. இந்த ஈசனுக்குப் பெயரே சிகரேசுவரர். நாங்கள் மலையின் பக்கவாட்டில் வந்து இறங்கியதால், எந்த வரிசையில் அனுபவிக்க வேண்டுமோ அந்த வரிசையில் அனுபவிக்கவில்லை. வீட்டுக்குக் கொல்லைப்புறமாக நுழைந்த மாதிரி இருந்தது.

நான் அந்தப் படிகளின் உச்சியில் நின்று கீழே பார்த்தேன். படிகள் ஒழுங்காக இறங்கிப் போய், வேலியில் முட்டி நிற்கின்றன. அதற்கு அந்தப்பக்கம் பாதை தொடர்கிறது. அங்கே பழைய குளமும் இரட்டைத் தூபிகளும் இருக்கின்றன. அவையும் இந்தக் கோயிலோடு சேர்ந்தவையே. ஒரே கோயிலை நடுவில் வெட்டியிருக்கிறோம்.

மேலே, ஒரு கோபுர வாசலின் இரண்டு தூண்களுக்கு நடுவில் பச்சை நிறத் தூளி கட்டி ஒரு சிப்பாய் படுத்திருந்தார். கயிறு உராய்ந்த இடத்தில் தூணின் கல் வெளுத்திருந்தது. பக்கத்தில் மணல் மூட்டை அடுக்கிய பதுங்குகுழி. மூட்டைகள் மக்கி, அவற்றில் புல் முளைத்திருந்தது. அவ்வளவு நாளாக அது அங்கே இருக்கிறது. சுவரில் குண்டு பட்ட குழிகள். ஒன்றில் என் கட்டைவிரல் முழுதாக இறங்கியது. அந்தச் சிப்பாய் எழுந்து, செல்போனில் தன் மகளின் படத்தைக் காட்டினார். அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவர் அங்கே இருக்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம்தான். இன்று அவர் உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

அந்த மலை எவ்வளவோ பார்த்துவிட்டது. 1979-இல் போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் ஆட்சியிலிருந்து தப்பி ஓடிவந்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கம்போடியர்களைத் தாய்லாந்துப் படையினர் இந்த மலையின் விளிம்பில் கொண்டு வந்து, கண்ணிவெடி நிறைந்த சரிவில் இறங்க வைத்தார்கள். எத்தனையோ பேர் வீடு போய்ச் சேரவில்லை. 1998 டிசம்பரில் கெமர் ரூஜின் கடைசிப் படைப்பிரிவு சரணடைந்ததும் இந்தக் கோயிலில்தான். 2009-இல் படிக்கட்டின் அடியில் இருந்த சந்தை குண்டுவீச்சில் எரிந்து போனது. 2011 பிப்ரவரியில் மறுபடி சண்டை. 2025 டிசம்பரில் போர்நிறுத்தம் உடைந்து மூன்று வாரம் போல மீண்டும் சண்டை நடந்து, 27-ஆம் தேதி மறுபடி நிறுத்தினார்கள். அந்தச் சமயத்தில் பிரியா விகாரின் பாதுகாப்புப் பணிக்கான அமைப்புகள் சேதமானதாக வந்த செய்தி குறித்து நம் வெளியுறவு அமைச்சகம் கவலை தெரிவித்தது. தெரிவித்ததற்கு நன்றி. ஆனால் கவலையோடு நின்றுவிடக் கூடாது என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

கோயிலை ராணுவத் தளமாக்கினார்கள் என்று ஒரு தரப்பு சொல்கிறது. கோயில் மீது குண்டு போட்டார்கள் என்று மறு தரப்பு சொல்கிறது. போர்க்காலத்தில் பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் 1954-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை இரண்டையுமே தடுக்கிறது: கோயிலைத் தாக்கவும் கூடாது, தாக்குதல் வரும்படி அதைப் பயன்படுத்தவும் கூடாது. தாய்லாந்து, கம்போடியா, இந்தியா மூன்றுமே அதில் சேர்ந்த நாடுகள்தான். அப்படியென்றால் எல்லைக்கோடு எங்கே என்ற பேச்சு இன்னும் ஐம்பது வருடம் ஆனாலும் ஆகட்டும். தூணில் கட்டிய தூளியை அவிழ்க்க அந்தக் கோடு தேவையில்லை. படைகளைக் கோயில் வளாகத்திலிருந்து இறக்குங்கள், அங்கே ஆயுதம் இல்லாத காவலர்கள் இருக்கட்டும் என்று இணைத்தலைவராக நீங்கள் இரு தரப்பிடமும் கேட்க முடியும். 2011 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமே கோயிலைச் சுற்றி ராணுவம் இல்லாத பகுதியை வரைந்து காட்டி உத்தரவிட்டது. முன்மாதிரி கையில் இருக்கிறது.

அடுத்தது, சேதக் கணக்கு. எந்தக் கல், எந்த வாசல், சண்டைக்கு முன் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று கல் கல்லாகப் பதிவு செய்து வெளியிடுங்கள். அதைச் செய்யும் திறமை நம் தொல்லியல் துறைக்கு உண்டு. கம்போடியாவில் உள்நாட்டுப் போர் ஓயாத காலத்தில், 1986 முதல் 1993 வரை, அங்கோர் வாட்டில் வேலை செய்தவர்கள் நம் ஆட்கள். பிறகு தா புரோமில் மரவேர்களுக்கு நடுவே கல்லை நிமிர்த்தியவர்களும் அவர்கள்தான். மற்ற நாட்டு வல்லுநர்கள் வரத் தயங்கிய காலத்தில் போன துறை இது. அந்தப் பெருமையை நான் மனதார உணர்கிறேன், அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன்.

யுனெஸ்கோ பட்டியலில் இல்லாத சின்னக் கோயில்களையும் அந்தப் பதிவில் சேருங்கள். தாய்லாந்தில் தா குவாய் என்றும் கம்போடியாவில் தா கிரபெய் என்றும் சொல்லும் கோயில் ஒன்று இருக்கிறது. இரண்டு பெயரிலும் இருப்பது எருமைதான். இரண்டு மொழியில் ஒரே எருமை. செதுக்கு வேலை முடியாமலே நின்றுபோன அந்தக் கோயிலும் 2025 சண்டையில் அடிபட்டது. தா முவன் தோமையும் அந்தப் பதிவில் விட்டுவிடக் கூடாது. அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே கெமர் அரசன் ஏழாம் ஜெயவர்மன் கட்டிய வழிப்போக்கர் சத்திரத்தின் சின்னக் கோயிலும், மருத்துவமனையின் கோயிலும் நிற்கின்றன. கெமர் தலைநகரான அங்கோரிலிருந்து, இன்று தாய்லாந்தில் இருக்கும் பிமாய் போகும் ராஜபாட்டையில் நடப்பவர்களுக்காகக் கட்டியவை. நடக்கிறவன் எந்த நாட்டுக்காரன் என்று கேட்காமல் சோறும் மருந்தும் கொடுத்த இடம் இன்று பீரங்கி எட்டும் தூரத்தில் இருக்கிறது.

மூன்றாவதாக, வடக்கு வாசல். இதை நடக்காத காரியம் என்று நீங்கள் நினைக்கலாம். நடந்த காரியம்தான். 1963 ஜனவரியில் கம்போடியத் தலைவர் சிகானுக் இந்த மலையேறிக் கோயிலை ஏற்றுக்கொண்ட விழாவில், தாய்லாந்து மக்கள் விசா இல்லாமலே வந்து கும்பிடலாம் என்று அறிவித்தார். வழக்கில் ஜெயித்த ஆறே மாதத்தில், ஜெயித்தவர் சொன்ன வார்த்தை அது. 1998 முதல் 2008 வரை, இடையில் சில காலம் தவிர, தாய்லாந்துப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஒருநாள் அனுமதியில் அந்த 162 படிகளில் ஏறி இறங்கினார்கள். கோயில் கம்போடியாவுடையதாகவே இருந்தது, படி எல்லோருக்கும் இருந்தது. மனக்காயம் ஆற நாள் ஆகும், இப்போதே திற என்று நான் சொல்லவில்லை. குழுவின் திட்டத்தில் அதை ஒரு வேலையாக எழுதி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். முதலில் பாதையில் கண்ணிவெடி அகற்றுவது, பிறகு படிகளைச் சீர் செய்வது, அப்புறம் விசேஷ நாட்களில் மட்டும் இரு பக்கத்துக் கிராமத்து மக்களையும் விடுவது என்று படிப்படியாகப் போகலாம். வெளிநாட்டுப் பயணிகளான எங்கள் முறை கடைசியில் வந்தால் போதும்.

தமிழன் ஒருவன் இதில் ஏன் இவ்வளவு உருகுகிறான் என்று தோன்றலாம். காம்போஜ அரசன் ராஜேந்திர சோழனின் நட்பை நாடித் தன் தேரை அனுப்பினான் என்று கரந்தைச் செப்பேடு சொல்கிறது. அவன் கெமர் அரசன் முதலாம் சூரியவர்மன் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. காம்போஜ அரசன் காட்டிய கல் ஒன்றைச் சிதம்பரம் கோயிலில் எதிரம்பலத்தின் முன்னால் பதித்ததாக 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இரண்டாம் சூரியவர்மன் அரியணை ஏறினான். இந்த இரண்டு சூரியவர்மன்களின் காலத்தில்தான் பிரியா விகாரின் பெரும்பகுதி எழுந்தது. அங்கிருந்து வந்த கல் நம் தில்லையில் இருந்திருக்கிறது. எங்கள் நண்பன் விபூதியை எடுத்துக்கொண்டு போனது இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு அல்ல. அவன் எங்கே போனாலும் எடுத்துப் போவான். திரும்பி வந்து இதைப் படித்தபோது வெகுநேரம் அவன் பேசவே இல்லை.

அந்தப் பொட்டலத்தில் மிச்சம் இன்னும் இருக்கிறது. அடுத்த முறை வடக்குப் படியில் ஏறித்தான் சிகரேசுவரருக்குக் கொடுப்பேன் என்று எடுத்து வைத்திருக்கிறான். நாங்கள் ஐந்து பேருக்கும் ஐம்பதை நெருங்கும் வயது. 162 படி ஏற இன்னும் சில வருடம் காலில் தெம்பு இருக்கும்.

குழுவின் அடுத்த கூட்ட அறிக்கை வெளிவரும்போது நான் தேடிப் பார்க்கப் போவது மூன்று விஷயங்கள்: படை விலகல், சேதப் பதிவு, வடக்குப் படிக்கட்டு. மூன்றில் எது இல்லாவிட்டாலும் மறுபடி எழுதுவேன்.

இப்படிக்கு,
அந்த மலைக்குப் போய்வந்த ஐவரில் ஒருவன்